டிரைவர் சைடு எந்தப் பக்கம்?

1. கதவில் விழுந்த ஓட்டை

ஓட்டை விழுந்த பிறகுதான் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தோம். புதுப் பெயிண்ட் அடித்து, பாலிஷ் போட்டு, விரல் பட்டால் ரேகை தெரியும் அளவுக்குப் பளபளவென்று நின்ற கதவு அது. பக்கத்தில் செல்வம் டிரில்லோடு நின்றுகொண்டிருந்தான். ஓட்டை தப்பான கதவில் விழுந்திருந்தது.

"யாருடா உன்ன அந்தக் கதவுல போடச் சொன்னது?" என்று மணியம் அண்ணே கத்தினார். அவர்தான் ஒர்க்‌ஷாப்பின் முதலாளி.

"நீங்கதாண்ணே. டிரைவர் சைடு டோர்ல பின்னாடி பாக்குற கண்ணாடி மாட்டுன்னு சொன்னீங்க."

"டிரைவர் சைடுன்னா இந்தப் பக்கம்டா! ஸ்டியரிங் எங்க இருக்கு? கண்ணு தெரியலையா உனக்கு?"

"இத்தன மாசமா அந்தப் பக்கத்தத்தானே டிரைவர் சைடுன்னு சொல்லிக்கிட்டு இருந்தோம்? நேத்து ஸ்டியரிங்க மாத்திட்டீங்கன்னா எனக்கு எப்படித் தெரியும்?"

பெயிண்டர் ஒருவர் சிரித்துவிட்டார். செல்வமும் அதைப் பிடித்துக்கொண்டான். "ரெண்டு பக்கமும் மாட்டிருவோம்லா அண்ணே. ஸ்டைலா இருக்கும். காசு கூடக் கேக்கலாம்."

மணியம் அண்ணேக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கடைசியில் அப்படித்தான் செய்தோம். இரண்டு கதவிலும் கண்ணாடி வந்தது. வேலை முடிந்து பார்த்தால் காருக்கு அது நன்றாகவே இருந்தது.

ஆனால் அன்று எல்லோரும் சிரித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'டிரைவர் சைடு' என்று சொல்லி இந்தக் காரில் இன்னும் என்னென்ன வேலை நடந்திருக்கிறது என்று மனம் எண்ண ஆரம்பித்துவிட்டது.

எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. ஜார்ஜ் டவுனில், ஜெலுத்தோங் பக்கம் ஒரு சந்துக்குள் எங்கள் ஒர்க்‌ஷாப் இருந்தது. நான் ஸ்டியரிங், பிரேக் வேலை பார்ப்பவன். ஃபார்ம் டூவோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்தை விட்டு நேராகக் கிரீஸுக்குள் வந்தவன். அதனாலோ என்னவோ, நான் செய்தது சரியாகத்தான் இருக்கும் என்ற தெம்பு எனக்கு எப்போதும் வந்ததில்லை. ஒரு நட்டை முடுக்குவேன். காரை இறக்குவேன். பிறகு மறுபடியும் ஜாக் போட்டு அதே நட்டைத் தொட்டுப் பார்ப்பேன். வீட்டுக்குப் போகிற வழியில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பி வந்து பார்த்த நாளும் உண்டு. "செக் லாகி, செக் லாகி" என்று மலாய்க்காரப் பெயிண்டர் கேலி செய்வார். மறுபடியும் பார், மறுபடியும் பார் என்று. அதுவே எனக்குப் பெயராகிவிட்டது. செக் லாகி முத்து.

2. எந்த டிரைவர்?

அந்தக் கார் ஐம்பதுகளில் செய்த ஜெர்மன் கார், ஸ்டியரிங் இடது பக்கம். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி ஒன்றுக்கு வந்த வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தது. ஊருக்குப் போகும்போது அவர் அதைப் பங்களா வாசலிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். வாங்கியவர் நடராசா ஐயா. யாழ்ப்பாணத்துக் குடும்பம், அரசாங்க ஆபீஸ் ஒன்றில் சீஃப் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். ஸ்டியரிங் வலது பக்கம் வந்தால்தான் அவர் பேருக்கு மாற்றிக் கொடுப்போம் என்று வண்டி பதிவு செய்யும் ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். அதனால் எங்களிடம் வந்தது.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு, ஸ்டியரிங்கைக் கழற்றி அந்தப் பக்கம் மாட்டுவதுதானே என்று தோன்றும். அப்படி இல்லை. பெடல், பிரேக் பம்ப், டேஷ்போர்டு, வைப்பர், முன் லைட் என்று எல்லாம் இடம் மாற வேண்டும். நல்ல வேளையாக, அதே மாடலில் வலது பக்க ஸ்டியரிங் உள்ள ஒரு துருப்பிடித்த கார் கடலுக்கு அக்கரையில், மாக் மண்டினில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்தது. அதை லாரியில் போட்டு ஃபெர்ரியில் கொண்டு வந்தோம். அந்தச் செத்த காரின் உறுப்புகளை இந்தக் காருக்கு மாற்றினோம்.

எல்லாவற்றிலும் முக்கியம், ஸ்டியரிங் சுற்றுவதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஸ்டியரிங் பாக்ஸ் உட்காரும் இடம். அது என்ஜினுக்குப் பக்கத்தில் ஓடும் சேஸி ரெயிலில் போல்ட் போட்டு நிற்கும். ரெயில் என்றால் கெட்டி இரும்பு இல்லை. தகட்டை மடித்துச் செய்த பெட்டி. உள்ளே வெறும் காற்று. காலிப் பால் டின்னைக் கையால் அமுக்கினால் நசுங்குகிற மாதிரி, போல்ட்டை முடுக்க முடுக்க இதுவும் நசுங்கும். அதற்காக ரெயிலுக்கு உள்ளே தடித்த பைப் துண்டுகளை வைத்து வெல்ட் பண்ணுவார்கள். போல்ட் அந்தப் பைப்புக்குள்ளே போகும். ஸ்லீவ் என்போம். இந்தக் காரில் கம்பெனி இடது பக்கம் மட்டும்தான் ஸ்லீவ் போட்டிருந்தது. அதுவும் துருவில் போயிருந்தது. வலது ரெயிலைத் திறந்து நாங்கள் புதிதாக ஸ்லீவ் வைக்க வேண்டும்.

அந்த வேலையைச் செய்தவர் ஆ ஹுவாட். கேஸ் பாட்டிலை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப் ஒர்க்‌ஷாப்பாகப் போகும் காண்ட்ராக்ட் வெல்டர். பேச்சு குறைவு. கை சுத்தம். மணியம் அண்ணே அவருக்கு வேலை சொன்னபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். காரின் அடியில் படுத்திருந்த அவருக்கு, ஆபீஸ் வாசலில் நின்று இவர் கத்தினார்: "ஆ ஹுவாட்! ஸ்லீவ் டிரைவர் சைடு! குவாட்-குவாட்!" பலமாக அடி என்று அர்த்தம்.

எங்களுக்கு இடது வலது என்ற பேச்சே வழக்கத்தில் இல்லை. இந்த ஊரில் எல்லாக் காரிலும் டிரைவர் ஒரே பக்கம்தானே உட்காருகிறார்? டிரைவர் சைடு, பேசஞ்சர் சைடு. இடது வலதை மலாயில் கிரி, கானான் என்று சொன்னால்கூட, 'உன் கிரியா என் கிரியா' என்று சண்டை வரும். முன்னால் நின்று பார்ப்பவனுக்கு ஒன்று, உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்கு வேறொன்று. டிரைவர் சைடு என்றால் யாருக்கும் சந்தேகம் வராது.

இந்தக் காரில் மட்டும் வரும். ஆ ஹுவாட்டிடம் சொன்ன அன்று பழைய ஸ்டியரிங் இன்னும் இடது பக்கம்தான் நின்றது. கழற்றிய சாமான்களைப் போட்ட பெட்டிகளிலும் நாங்கள் இடது பக்கத்தைத்தான் டிரைவர் சைடு என்று டேப்பில் எழுதி ஒட்டியிருந்தோம். ஆ ஹுவாட் ஸ்லீவை எந்த ரெயிலில் வைத்திருப்பார்?

அவரிடமே கேட்கலாம் என்றால் ஆள் ஊரில் இல்லை. படகு வேலைக்கு லங்காவித் தீவுக்குப் போயிருந்தார். எந்தப் படகுத்துறை, யாரிடம் வேலை, ஒன்றும் தெரியாது.

3. வெள்ளைக் கோடு

மணியம் அண்ணேயிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஆ ஹுவாட் எத்தன வருஷமா நமக்கு வெல்ட் அடிக்கிறான்?" என்றார்.

"ரொம்ப நாளா அண்ணே."

"ஒரு நாளாவது தப்பு பண்ணியிருக்கானா?"

"செல்வமும் பண்ணதில்லையேண்ணே, இன்னிக்கு வரைக்கும்."

"செல்வம் வேற, ஆ ஹுவாட் வேற. போடா. நிம்மதியா சாப்பிட விடு."

நான் காருக்கு அடியில் போனேன். இரண்டு ரெயில் மேலும், துருப்பிடிக்காமல் இருக்க அடிக்கும் தார் மாதிரியான கறுப்பு அண்டர்கோட் கெட்டியாக அடித்திருந்தது. கொஞ்சம் சுரண்டிப் பார்த்தேன். வெல்ட் தையல் தெரிந்தது. ஆனால் துருப்பிடித்த இடங்களை இரண்டு பக்கமும் வெட்டி ஒட்டியிருந்ததால், இரண்டு பக்கமும் தையல். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். உள்ளே ஸ்லீவ் இருந்தால் ஒரு சத்தம், காலியாக இருந்தால் ஒரு சத்தம் வர வேண்டும். வலது பக்கம் தட்டினேன். இடது பக்கம் தட்டினேன். இரண்டும் ஒரே மாதிரி மொத்தென்று கேட்டன. அண்டர்கோட் சத்தத்தைத் தின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

போல்ட்டை உருவி ஓட்டைக்குள் கம்பி விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் அந்தக் காரில் போல்ட் என்ஜின் பக்கத்திலிருந்து நுழைந்து, நட்டு வீல் பக்கம் வரும். நட்டைத் திருப்பலாம், போல்ட்டை உருவ முடியாது. என்ஜின் புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் குறுக்கே நின்றது. அதைக் கழற்ற வேண்டும். அதைப் பிடித்திருக்கும் ஸ்டட்கள், தலையில்லாத போல்ட்டுகள், எல்லாம் பழசு. கழற்றும்போது ஒன்று உடைந்தால் போச்சு. துளைத்து எடுத்து, புதுசு கடைந்து போட வேண்டும்.

அதனால் வேறொன்று செய்தேன். நட்டுகளை முழு பலத்தோடு முடுக்கிவிட்டு, ஒவ்வொரு நட்டிலிருந்தும் ரெயில் வரைக்கும் வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு இழுத்தேன். நட்டு நகர்ந்தால் கோடு உடையும்.

அடுத்த நாள் கார் அரசாங்க இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போனது. மணியம் அண்ணேயே ஓட்டிக்கொண்டு போனார். பிரேக் பார்த்தார்கள், லைட் பார்த்தார்கள், ஹாரன் அடிக்கச் சொன்னார்கள், அடியில் டார்ச் அடித்துப் பார்த்து, நல்ல வேலை என்று தலையாட்டினார்கள். பாஸ். அண்ணே ஹாரன் அடித்துக்கொண்டே சந்துக்குள் வந்தார். எல்லோருக்கும் தே தாரிக் வாங்கிக் கொடுத்தார்.

டீயைக் கீழே வைத்துவிட்டு நான் அடியில் போனேன். கோடு அப்படியேதான் இருந்தது. ஒரு நிமிஷம் நெஞ்சு லேசாயிற்று. பிறகு, சும்மா இருக்க முடியாமல், ஸ்பேனரைப் போட்டு முதலில் முடுக்கிய அதே அளவுக்கு இழுத்தேன். நட்டு திரும்பியது. கோடு உடைந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

இறுக்கிய இறுக்கம் ஒரே ஓட்டத்தில் குறைந்திருந்தது. ரெயில் நசுங்குகிறது. எனக்கு வேறு அர்த்தம் தோன்றவில்லை.

"புது போல்ட்டு, புது இரும்பு. செட் ஆகுதுலா," என்றார் மணியம் அண்ணே. ஆனால் அந்த முறை அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நல்லா முடுக்கி விடு. ஐயாகிட்ட வாயத் திறக்காத. கொடுத்த பிறகு ஒரு வாரம் ஓட்டட்டும், சர்வீஸுன்னு கூப்பிட்டுப் பாத்துக்கலாம்."

"வழியிலே ஏதாச்சும் ஆச்சுன்னா அண்ணே?"

"ஆகாதுடா."

"நாளைக்கு ஞாயித்துக்கிழம. அவரு குடும்பத்தோட பாலிக் புலாவ் போறாரு."

அவர் டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

4. ஐயா கேட்ட கேள்வி

டுரியான் பழ சீசன் முடிகிற சமயம். பத்து ஃபெரிங்கி வழியாகத் தெலுக் பாஹாங் போய், அங்கிருந்து மலை ஏறி இறங்கி பாலிக் புலாவ் போக வேண்டும், தோட்டத்திலேயே உட்கார்ந்து டுரியான் சாப்பிட வேண்டும். கார் எங்களிடம் வந்த நாளிலிருந்து நடராசா ஐயா சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். அந்த ரோடு தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் மலைச் சுவர், மறு பக்கம் பள்ளம், வளைவுக்கு மேல் வளைவு. வளைவில் ஸ்டியரிங் பாக்ஸ் ரெயிலோடு அசைந்தால், இவர் ஒரு பக்கம் திருப்புவார், சக்கரம் அதன் பாட்டுக்குப் போகும்.

சனிக்கிழமை மத்தியானம் ஐயா காரை எடுக்க வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் பேனா. காரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். இரண்டு பக்கக் கண்ணாடியையும் பார்த்துவிட்டு, "நான் ஒண்டுதானே கேட்டனான்?" என்றார்.

"ஃப்ரீ ஐயா," என்றான் செல்வம்.

ஐயா சிரித்தார். உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தடவிப் பார்த்தார். "நாளைக்கு விடியவே வெளிக்கிடப் போறம். மனிசி, மகள், பேத்தி எல்லாரும். பின்னுக்கு மூண்டு பேர் தாராளமா இருக்கலாம், என்ன மணியம்?"

"நாலு பேரே இருக்கலாம் ஐயா," என்றார் அண்ணே.

"ஐயா, நாளைக்குப் போகாதீங்க."

சொன்னது நான்தான். சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. வாய் அதுவாகத் திறந்துகொண்டது.

ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். மணியம் அண்ணே அவசரமாகச் சிரித்தார். "இவன் இப்படித்தான் ஐயா. வீட்டுக் கதவப் பூட்டிட்டு நாலு தடவ இழுத்துப் பாப்பான். பேரே செக் லாகி. நீங்க எடுத்துட்டுப் போங்க."

சாவியைத் திருப்பப் போன ஐயா கையை எடுத்தார். "ஏன் போகக்கூடாது? சொல்லும்."

நான் உளறினேன். ஸ்லீவ் என்றேன், ரெயில் என்றேன், டிரைவர் சைடு என்றேன், ஆ ஹுவாட் லங்காவி போய்விட்டார் என்றேன். ஐயாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. குப்பையில் கிடந்த காலிப் பால் டின்னை எடுத்து அவர் முன்னால் அமுக்கிக் காட்டினேன். அப்போது அவர் முகம் மாறியது.

"அப்ப உள்ள அந்தப் பைப் இல்லை எண்டு சொல்லுறீர்?"

"தெரியல ஐயா. இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். நட்டு லூஸாவுது, அது மட்டும் தெரியும்."

"இன்ஸ்பெக்‌ஷன் பாஸாகி இருக்கு, ஐயா," என்றார் மணியம் அண்ணே. "அரசாங்கம் ஓகே சொல்லியாச்சு. இதுக்கு மேல என்ன?"

ஐயா அவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "உமக்குப் பிள்ளையள் இருக்கோ?"

"ஒரு மக ஐயா. வசந்தி. ஆறு வயசு."

"அவவை இந்தக் காரில ஏத்தி அந்த மலைக்குக் கொண்டுபோவீரோ?"

அண்ணே எனக்குச் சோறு போடுபவர். "இப்ப மாட்டேன் ஐயா," என்றேன்.

அவர் காரிலிருந்து இறங்கினார். "அப்ப கழட்டும்," என்றார். அவ்வளவுதான். சாவியை மணியம் அண்ணே கையில் கொடுத்துவிட்டு, வாசலில் போன டாக்ஸியைக் கைகாட்டி நிறுத்தி ஏறிப் போய்விட்டார்.

அவர் போன பிறகு அண்ணே பேசியதை இங்கே எழுத முடியாது. கடைசியில் சொன்னதை மட்டும் எழுதுகிறேன். "உள்ள ஸ்லீவ் இருந்துச்சுன்னு வையி, நாளையில இருந்து நீ வராத."

5. மேனிஃபோல்ட்டுக்குப் பின்னால்

ஒவ்வொரு ஸ்டட்டுக்கும் எண்ணெய் ஊற்றி, சூடு காட்டி, கொஞ்சம் முன்னே கொஞ்சம் பின்னே என்று ஆட்டி ஆட்டித்தான் கழற்றினேன். வேறு யாரையும் தொட விடவில்லை. எல்லாம் வந்தது. இனிக் கவலையில்லை என்று மூச்சு விட்ட நேரத்தில் கடைசி ஸ்டட் 'டிக்' என்றது. உடைந்துவிட்டது. அண்ணே பார்த்தார். உடைந்த துண்டைப் பொறுக்கி மேஜை மேல் வைத்துவிட்டு உள்ளே போனார். அவர் கத்தியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

மேனிஃபோல்ட்டை இறக்கினோம். முதல் போல்ட்டை உருவி எடுத்தேன். கம்பியின் முனையை வளைத்து ஓட்டைக்குள் விட்டேன். ஸ்லீவ் இல்லை என்றால் கம்பி உள்ளே போய் நாலா பக்கமும் ஆடும். இருந்தால் குழாய்க்குள் போவது போல நேராகப் போகும்.

கம்பி நேராகப் போனது.

வளைந்த முனையால் சுற்றிலும் தடவினேன். வழுவழுவென்று தடித்த பைப். அடுத்த ஓட்டை, அதுவும் அப்படியே. எல்லாவற்றிலும் ஸ்லீவ் இருந்தது. வலது பக்கத்தில். சரியான பக்கத்தில். பலமாக.

கார் ஓடும் நிலையில் இருந்தது. ஒரு ஸ்டட்டை உடைத்திருந்தேன். ஐயாவின் ஞாயிற்றுக்கிழமையைக் கெடுத்திருந்தேன். ஆ ஹுவாட் மேல் பழி போட்டிருந்தேன். எல்லாம் ஒன்றும் இல்லாததற்கு.

"இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே மணியம் அண்ணே வந்தார்.

"இருக்குண்ணே."

அவர் பெருமூச்சு விட்டார். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் குனிந்து, நான் கழற்றி வைத்த போல்ட்டையும் வாஷரையும் எடுத்துப் பார்த்தார். "அப்ப எதுக்குடா நட்டு லூஸாச்சு?"

அதைத்தான் நானும் யோசித்திருக்க வேண்டும். என் மனம் ஸ்லீவ், ஸ்லீவ் என்று ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

அண்ணே வாஷரைத் திருப்பினார். அடியில் கறுப்பாக, மெழுகு மாதிரி ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினார். நகத்தோடு வந்தது. ரெயிலில் வாஷர் உட்கார்ந்திருந்த இடத்தைத் தொட்டார். அங்கேயும் அதேதான், நசுங்கி, ஓரமெல்லாம் பிதுங்கிக்கொண்டு.

"அண்டர்கோட்டு," என்றார்.

யாரோ அண்டர்கோட் அடிக்கும்போது போல்ட் உட்காரும் இடத்தையும் சேர்த்துக் கெட்டியாக அடித்துவிட்டார்கள். அது காய்வதற்கு முன்னால் அதன் மேலேயே வாஷர் வைத்து முடுக்கியாகிவிட்டது. நாங்கள் இரும்போடு இரும்பைச் சேர்த்து முடுக்கவில்லை. தார் மேல் முடுக்கியிருக்கிறோம். கார் ஓட ஓட, என்ஜின் சூடு ஏற ஏற, அது இளகிப் பிதுங்கும். இறுக்கம் குறையும். நான் மறுபடி முடுக்கினாலும் மறுபடி பிதுங்கும். அதுவும் மலை ரோட்டில், முழு பாரத்தோடு, வளைவுக்கு வளைவு இழுத்தால்?

அண்ணே அந்த வாஷரை என் உள்ளங்கையில் வைத்தார். "எல்லாத்தையும் உருவு," என்றார். "வெறும் இரும்பு தெரியிற வரைக்கும் சுரண்டு."

நாளையிலிருந்து வராதே என்று சொன்னதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. திங்கட்கிழமை வந்தேன். உடைந்த ஸ்டட்டைத் துளைத்து எடுக்க அவரே எனக்கு லைட் பிடித்தார்.

6. பாலிக் புலாவ் ரோடு

நடராசா ஐயாவிடம் மணியம் அண்ணேதான் விவரம் சொன்னார். மறைக்காமல் சொன்னார். பைப் இருந்தது ஐயா, தப்பு வேறு இடத்தில் இருந்தது, இப்போது சரி என்று. ஐயா கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இப்ப உம்முடைய மகளை ஏத்துவீரோ?"

"ஏத்துவேன் ஐயா."

"அப்ப ஞாயித்துக்கிழமை அவவையும் கூட்டிக்கொண்டு வாரும். நீரும் முன்னுக்கு இரும்."

வாயால் சொல்வது வேறு. வீட்டுக்குப் போனதும் தவிப்பு ஆரம்பித்தது. நட்டைத் துடைத்தேனா? எல்லா இடத்தையும் சுரண்டினேனா? சனிக்கிழமை சாயங்காலம் ஐயா வீட்டுக்கே போய், போர்ட்டிகோவில் நின்ற காருக்கு அடியில் படுத்து, எல்லா நட்டிலும் ஸ்பேனர் வைத்து இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. ஐயாவின் மனைவி கோப்பி கொண்டு வந்து தரையில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் கிளம்பினோம். பின் சீட்டில் அந்த அம்மாவும் வசந்தியும். மகளையும் பேத்தியையும் ஐயா அன்று கூட்டி வரவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. அவருக்கும் உள்ளுக்குள் ஏதோ இருந்திருக்கும்.

நான் முன்னால், இடது பக்கம். கம்பெனி டிரைவருக்கென்று செய்த இடம் அது. கண்ணுக்கு முன்னால் ஸ்டியரிங் இல்லை. காலுக்குக் கீழே கார்ப்பெட், அதற்கும் கீழே பழைய பெடல் ஓட்டைகளை மூடிய தகடு. தெலுக் பாஹாங் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் நான் பேச்சை நிறுத்திவிட்டேன். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். திருப்பும்போது 'டொக்' என்று ஒரு சத்தம் வருகிறதா? திரும்பி வரும்போது ஸ்டியரிங் ஒரு கணம் தாமதிக்கிறதா? பின்னால் வசந்தி பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். சும்மா இரு என்று சொல்ல மனம் வரவில்லை.

இறக்கத்தில் ஒரு வளைவு. டுரியான் ஏற்றிய லாரி ஒன்று எதிரே ரோட்டையே அடைத்துக்கொண்டு வந்தது. ஐயா ஒதுக்கினார். பள்ளம் என் பக்கம். ஜன்னல் வழியாகக் கீழே மரங்களின் தலை மட்டும் தெரிந்தது. கார் சொன்ன பேச்சைக் கேட்டுத் திரும்பியது. லாரி உரசாமல் போய்விட்டது. சத்தம் ஒன்றும் இல்லை.

"என்ன காணும்," என்றார் ஐயா, ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல். "அங்க எதைப் போட்டு மிதிக்கிறீர்? பிரேக் என்ர பக்கமெல்லோ இருக்கு."

குனிந்து பார்த்தேன். என் வலது கால் கார்ப்பெட்டை முழு பலத்தோடு அழுத்திக்கொண்டிருந்தது.

பின்னாலிருந்து அந்த அம்மா ஐயாவிடம் சொல்லிச் சிரித்தார். "அவர் காரை நம்பிப்போட்டார். உங்களைத்தான் நம்பேல்லை."

வசந்திக்கு அது புரியவில்லை. இருந்தாலும் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தாள்.

டுரியான் கடைசிப் பறிப்பு. பாதிப் பழம் தண்ணீராக இருந்தது. ஐயா அதையும் நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று சாப்பிட்டார்.

7. ஆ ஹுவாட் சொன்னது

ஆ ஹுவாட் லங்காவியிலிருந்து திரும்பி வர மேலும் சில வாரம் ஆயிற்று. கேஸ் பாட்டிலை இறக்கி வைக்கும் முன்பே போய்க் கேட்டேன்: அன்றைக்கு டிரைவர் சைடு என்று சொன்னபோது, எந்தப் பக்கம் என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

அவர் ஆபீஸ் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். அன்று நான் சாப்பிடப் போன பிறகு நடந்ததாம். "சாயா தானியா, டிரைவர் மானா? போஸ் மாரா." எந்த டிரைவர் என்று கேட்டேன், முதலாளி கோபப்பட்டார் என்றார். "சாயா புவாட் டுவா-டுவா."

இரண்டு பக்கமும் செய்துவிட்டாராம்! எது என்று தெரியாததால், மறுபடி கேட்டால் திட்டு விழும் என்று, இரண்டு ரெயிலிலும் ஸ்லீவ் வைத்து வெல்ட் அடித்து மூடிவிட்டார். நான் தட்டிப் பார்த்தபோது இரண்டு பக்கமும் ஒரே சத்தம் வந்தது அதனால்தான். அண்டர்கோட் ஒன்றையும் தின்னவில்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். போல்ட் உட்காரும் இடத்தில் பெயிண்ட், அண்டர்கோட் எதுவும் இருக்கக்கூடாது. வெறும் இரும்பு தெரிய வேண்டும். மனது 'சரியில்லை' என்று சொன்னால் காரை அனுப்பாதீர்கள். ஆனால் மனது காட்டும் காரணத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள். என் மனது வேறு இடத்தைக் காட்டியது. தப்பு வாஷருக்கு அடியில் இருந்தது.

அப்புறம், வேலை சொல்லும்போது தூரத்தில் நின்று வாயால் சொல்லாதீர்கள். எழுந்து போய் அந்த இரும்பில் கையை வைத்து, இங்கே என்று சொல்லுங்கள். மணியம் அண்ணே பிற்பாடு அப்படித்தான் செய்தார். வெயிலோ மழையோ, நாற்காலியை விட்டு எழுந்து வந்து கையை வைப்பார். எழும்போது முனகுவார், ஆனாலும் வருவார்.

'எந்தப் பக்கம்?' என்று ஒருவன் கேட்டால் அவன்மேல் எரிந்து விழாதீர்கள். அன்று ஆ ஹுவாட் கேட்ட கேள்விக்கு ஒரு பதில் கிடைத்திருந்தால், அந்த இடது ரெயிலை வீணாகத் திறந்து மூடியிருக்க வேண்டாம். அவர் ஒருவர் பயந்து இரண்டு பக்கமும் வேலை செய்தார். அடுத்தவன் பயந்தால் ஒரு பக்கத்தை மட்டும், அதுவும் குத்துமதிப்பாகச் செய்துவிட்டுப் போவான்.